நாற்பது நிமிடம்

பழனியோடு முடிந்திருக்க வேண்டிய நடை.
மொட்டைத் தலையில் சந்தனம் காயுமுன்
வேதரத்தினம் சொன்னார்:
"கொடைக்கானல்ல குறிஞ்சியாண்டவர் கோயில்லேருந்து
இந்த மலை தெரியுமாம். பாத்துட்டுப் போயிருவோம்."

பேருந்து ஏறினோம். கொப்புளக் கால் செருப்பை ஏற்கவில்லை.
பெருமாள்மலை வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்தார்,
கடலில் ஒருநாளும் தலைசுற்றாதவர்.

நான் கலங்கரை விளக்கத்துக்காரன்.
பதினோரு வருடம் அதன் வயிற்றுக்குள் இருந்தவன்.
பாதரசத்தில் மிதந்து சுழலும் கண்ணாடியைத் துடைப்பேன்,
பதிவேட்டில் மணி எழுதுவேன்.
தூரத்திலிருந்து அது எப்படித் தெரியும் என்று
பார்த்ததே இல்லை.

ஐப்பசி அமாவாசை.
மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கைவிட்டு
நாற்பது நிமிடம்.
பதிவேட்டில் ஒரே வரி.
அன்று கடலில் இருந்தான் வேதரத்தினத்தின் இளையவன்.
மூன்றாம் நாள் வேறு கரையில் ஒதுங்கினான்,
உதடு வெடித்து, உயிரோடு.
அவர் நேர்ந்துகொண்டது அவனுக்காக.
நான் எதற்கு வருகிறேன் என்று
மணப்பாறை தாண்டியும் கேட்கவில்லை.
ஒட்டன்சத்திரத்தில் என் கொப்புளத்துக்கு
ஊசியைச் சுட்டுக் கொடுத்தார். அப்போதும்.

கோயில் நடை சாத்தியாயிற்று.
டீக்கடை ஜெசிந்தா தம்ளர் கழுவிய ஈரக் கையை நீட்டினாள்:
"அந்தா, அந்தப் பொட்டு. அதான் பழனி.
மேகம் வந்தா போயிரும்."

கீழே சமவெளி, நிலவில்லாத கடல்.
அதன் நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம்.
மினுக்கவில்லை.
என் விளக்கு இரண்டு முறை வெட்டும்,
பிறகு எட்டு எண்ணும்வரை இருட்டு.
அதுதான் அதன் பெயர். அந்தக் கரையில்
வேறெதற்கும் அந்தப் பெயர் கிடையாது.
இது பெயர் சொல்லாமல் எரிந்தது.
பழக்கத்தில் எண்ணத் தொடங்கினேன்,
எண்பதோ தொண்ணூறோ, எங்கும் போய் நிற்கவில்லை.

பள்ளத்திலிருந்து பனி ஏறியது.
வெளிச்சம் போயிற்று. வந்தது.
போயிற்று.
இம்முறை நூறு எண்ணியும் வரவில்லை.

ஜெசிந்தா கடைப் பலகையைச் சாத்தினாள்.
கடைசிப் பேருந்து போய்விடும் என்றாள்.
"போலாமா" என்றேன்.

வேதரத்தினம் பச்சை வேட்டியை இறுக்கிக்கொண்டார்.
துண்டில் பாதியை என் மொட்டைமேல் போட்டார்.
பல் கிடுகிடுக்க, வலை போட்ட இடத்தைத் தேடுகிறவராய்
கண்ணைச் சுருக்கி,
"நாப்பது நிமிசம் ஆவட்டும்" என்றார்.

கோபமா, சிரிப்பா?
இருட்டில் முகம் தெரியவில்லை.
நின்றோம்.