கையகல அட்டை

மணிக்கு ஐந்து யூரோ, மதியம் ஒரு சூப்.
கடலுக்குள் காற்றாலைகள் வரட்டும் என்று
வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும்.
எனக்கு அதில் விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை.
பல் கட்ட வேண்டியிருந்தது.

லாட்வியாவின் மேற்குக் கரை. மார்ச். எலும்பில் இறங்கும் காற்று.
பதினேழாம் வீட்டில் இல்க்வர்ஸ்,
மீனுக்குப் புகைபோடும் கூடத்தில் முப்பது வருடம் நின்றவர்,
கதவைப் பாதி திறந்து சொன்னார்:
“அந்தத் தூண்கள் வந்தால்
என் சாம்பலைக்கூட இந்தக் கடலில் போடாதே.”

நான் வாதாடவில்லை.
தள்ளினால் கதவு உள்ளிருந்து தள்ளும் என்று
பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள்.
கையகல அட்டை ஒன்றை நீட்டினேன்.
‘கரையைச் சுத்தமாக வைப்போம்.’
ஜன்னலில் ஒட்டிக்கொள்ள முடியுமா?
அதை யார் மறுப்பார்?
ஒட்டினார், கோணலாக.
நான் படியிறங்குவதற்குள்
நகத்தால் நிமிண்டி எடுத்து
நேராக ஒட்டினார்.

அந்த நேராக்கலை நான் குறிக்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மே மாதம், காற்றாலைக்கு ஆதரவாக
வாசலில் கதவளவு பலகை நடக் கேட்டோம்.
மண்வெட்டியை அவரே கொண்டுவந்தார்.
“உங்கள் சாம்பல்…” என்று இழுத்தேன்.
“எந்தச் சாம்பல்? நான் என்றைக்கும்
காற்றின் பக்கம்தானே!”
பொய்யில்லை. கண்ணைப் பார்த்தேன்.
மார்ச் மாதத்து மனிதரை
அவருக்கு அறிமுகமே இல்லை.

கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்.
கரைந்த கல்லைக் கேட்டால்
நான் எப்போதும் தண்ணீர்தான் என்கிறது.

இதைச் சிரிப்பாகச் சொல்லத்தான்
ஞாயிறன்று அண்ணன் வீட்டுக்குப் போனேன்.
நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்க,
“கடலையே கெடுக்கப் போகிறார்கள்” என்றான் குன்டார்ஸ்,
ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி, சும்மா.
கத்தியைக் கீழே வைத்தேன்.
நானூறு வாசலில் சொன்ன வரிகள்
கூலி இல்லாமல் வந்தன.
அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு
தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

திரும்பும் பேருந்தில், முகச்சூடு ஆறாமல்,
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
ஐந்து யூரோவுக்கு யாராவது பொய் சொல்வார்களா?
அப்படியானால் நம்பித்தான் சொல்லியிருக்கிறேன்.
விருப்பமும் வெறுப்பும் இல்லாத ஒருத்தி
நிஜமாகவே இருந்தாளா?
மேலே எழுதியிருக்கிறேன், இருந்தாள் என்று.
அதை எழுதியதும்
இன்றைய நான்தானே.

பல் கட்டியாயிற்று.
நாக்கு மட்டும் அவ்வப்போது
பழைய இடைவெளியைத் தேடிப் போய்ப்
பீங்கானில் முட்டுகிறது.