படம் நிக்கல, மேடம்

ஜோகுபாளையத்தில் ஆட்டோ திரும்ப முடியாத சந்து.
கண்ணாடிப் பெட்டிக்குள் தங்கவடிவேல்.
ஐஸ்பெட்டிக்கும் என் என்கோடருக்கும்
ஒரே பிளக் பாயின்ட்.
டிரைபாடை எங்கே ஊன்றுவது என்று கேட்க ஆளில்லை.
செருப்புகளை ஒதுக்கி இடம் பிடித்தேன்.

மகள் ஹாலிஃபாக்ஸில். பனிப்புயல், விமானம் இல்லை.
நேற்றிரவே முழுப்பணமும் அனுப்பிவிட்டாள்.

என் பெட்டி சாப்பாட்டு டப்பா அளவு.
கேமரா நொடிக்கு முப்பது படம் அதற்குள் தள்ளும்.
அத்தனையும் அப்படியே அனுப்பினால்
இந்தத் தெருவின் சிம் கார்டெல்லாம் சேர்ந்தாலும் தாங்காது.
அதனால் கஞ்சன் கணக்கு:
இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் முழுப்படம்.
நடுவில் வரும் ஐம்பத்தொன்பதையும்
சதுரம் சதுரமாக அறுத்து
ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி,
போன தடவைக்கு இப்போது என்ன மாறியிருக்கிறது?
விசிறியின் நிழல் மாறியிருக்கிறது. எழுது.
அழுகிறவளின் தோள் நாலு புள்ளி இடப்பக்கம்.
தோளை மறுபடி வரையாதே,
நகர்ந்தது என்று மட்டும் எழுது.
ஊதுபத்திப் புகை.
புகைதான் பெரிய செலவு,
எந்தச் சுருளும் முந்தின சுருளைப் போல இல்லை.

அவர் முகத்துக்கு வந்ததும்
ஒன்றுமில்லை.
அடுத்த படத்திலும் ஒன்றுமில்லை.
பழையதே இருக்கட்டும், தாண்டு.
பதினோரு வருஷமாக இந்த வேலை,
கல்யாணம், கபடி, கட்சி மாநாடு.
இவ்வளவு மலிவான முகத்தை
நான் அனுப்பியதில்லை.

போன் அடித்தது. பிரமிளா.
"அண்ணா, ஸ்டக் ஆயிடுச்சு.
அப்பா அப்படியே இருக்காரு."
சொன்னபிறகுதான் அவளுக்கே கேட்டிருக்கும்.

"படம் நிக்கல, மேடம்.
தலைமாட்டுல விளக்கப் பாருங்க."
திரியைத் தூண்டச் சொல்லி
பக்கத்து வீட்டு மஞ்சுநாத்துக்குச் சைகை காட்டினேன்.
இங்கிருந்து அங்கே போய்ச்சேர எட்டு நொடி.
போனில் அவள் மூச்சு மட்டும்.
ஐந்து. ஆறு. ஏழு.
"ஆமா. இப்ப ஆடுது."
அப்புறம் அவள் பேசவில்லை. நானும் வைக்கவில்லை.

நிறத்தையும் பெட்டி முழுதாகத் தருவதில்லை.
வெளிச்சம் புள்ளிக்குப் புள்ளி போகும்,
நிறம் நாலு புள்ளிக்கு ஒன்று.
மனிதக் கண் கண்டுபிடிக்காதாம்.
"நெத்தியில குங்குமம் கலைஞ்சிருக்கே அண்ணா,
யாரையாவது சரிபண்ணச் சொல்லுங்க."
குங்குமம் சரியாகத்தான் இருந்தது.
ஆனாலும் சொன்னேன். மூடியைத் திறந்து
ஒருவர் விரலால் தொட்டுவிட்டு மூடினார்.

சினிமாவைச் சுருக்குகிறவர்கள்
அடுத்த படத்தை முன்பே பார்த்துவிட்டு
இந்தப் படத்தை எழுதிக்கொள்ளலாம்.
நேரலையில் அந்த வசதியை அணைத்துவைப்பேன்.
வரப்போவதற்குக் காத்திருக்க முடியாது,
அது யாருக்கும் தெரியவும் தெரியாது.
இன்று தெரியும்.
பன்னிரண்டரைக்கு எடுக்கிறார்கள்.

எடுத்தார்கள்.
தமட்டை, சாமந்தி இதழ், வாசலில் தூறல்,
எல்லாச் சதுரமும் ஒரே நேரத்தில் மாறியது.
இருக்கிற குறுகிய வழிக்குள் அத்தனையையும் திணிக்க
பெட்டி திணறி
ஆட்களைக் கட்டங்கட்டமாக உடைத்தது.
யார் தோள், யார் மாலை, தெரியவில்லை.
பிறகு கூடம் காலி.
ஐஸ்பெட்டி இருந்த இடத்தில் செவ்வகமாக ஈரம்.
பெட்டி உடனே மூச்சுவிட்டது,
எழுத ஒன்றும் இல்லை.

ஹாலிஃபாக்ஸில் இன்னும் எட்டு நொடிக்கு
அவர் வீட்டில்தான் இருந்தார்.
போனைக் காதிலேயே வைத்திருந்தேன்,
ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் ரிப்போர்ட் எடுத்தேன்.
ஓடிய நேரம் மூன்று மணி ஆறு நிமிஷம்.
விடுபட்ட படங்கள் நாற்பத்தொன்று.
எந்த நாற்பத்தொன்று என்று பெட்டி சொல்லாது.
பதிவின் லிங்கை அனுப்பும்போது
அதை எழுதவில்லை.

சிம்களைக் கழற்றித் துடைத்துவைத்தேன்.
நாளை பாணஸ்வாடியில் கபடி.
நொடிக்கு அறுபது படம் கேட்டிருக்கிறார்கள்.