தோன்றா எழுவாய்

ஜுஃபைர் இரண்டாம் வாசலில்
பத்தொன்பது வருடமாக என் அட்டையைப் பார்க்கிறார்கள்.
அட்டை புதிதாகும், படம் பழையதுதான்:
இருபத்தாறு வயது, மூக்குத்தி,
எதையாவது கேட்டுவிடுவேன் என்பதுபோல் ஒரு முகம்.

முதலில் கடற்படைத் தளத்தின் செய்தித்தாளுக்குப்
படவரிகள் எழுதினேன்.
இடமிருந்து வலம்: தளபதி, தளபதியின் மனைவி,
வாளால் வெட்டப்படும் கேக்.
கேக்குக்கு எதற்கு வாள் என்றேன்.
மரபு என்றார்கள்.
எழுதிக்கொண்டேன்.

பிறகு பத்திரிகைக் குறிப்புகள்.
எட்டாம் வகுப்பு இலக்கணம்
இங்கே கைகொடுக்கும் என்று யார் நினைத்தது?
செய்தவன் இல்லாமல் செயல் நடக்கும்.
எழுவாய் தோன்றாது, பயனிலை மட்டும் வந்து
சலாம் போட்டு நிற்கும்.
'தவறு நேர்ந்தது.'
மழை பெய்தது என்பதுபோல,
யாரும் பெய்யாமல்.

ஆகஸ்ட். ஜன்னல் கண்ணாடிக்கு
வெளிப்பக்கம் வேர்க்கிற மாதம்.
அதிகாலை இரண்டு நாற்பதுக்குத் தொலைபேசி.
விளக்கணைத்துப் போன ரோந்துப் படகு,
கர்கூர் கூண்டுகளை இறக்கிக்கொண்டிருந்த ஒரு லாஞ்சு,
லாஞ்சில் ஐந்து பேர்.
நால்வரைத் தூக்கிவிட்டார்கள்.

கமாண்டர் விட்டேகர் நல்ல மனிதர்,
எனக்கும் சேர்த்துக் காபி போட்டார்.
'மோதியது' வேண்டாம், 'தொடர்பு ஏற்பட்டது' என்போம்.
'மீனவர்' வேண்டாம், 'நபர்'.
உங்கள் ஊர்ப் பத்திரிகைகள் கேட்கின்றன,
உங்கள் மொழியிலும் ஒன்று தயார் செய்யுங்கள்.
செயப்பாட்டு வினை உண்டுதானே உங்களிடம்?

உண்டு என்றேன். படு என்று ஒரு துணைவினை.
தனியாக நின்றால்
அதற்கு வேறு பொருள் என்பதைச் சொல்லவில்லை.

பத்தொன்பது வருடத்தில்
நான் தமிழில் எழுதிய முதல் குறிப்பு அது.
ஏழு வரி. பிழை இல்லை.
அடியில், வழக்கம்போல,
மேலும் தகவலுக்கு: என் எண்.

மறுநாள் மாலை அந்த எண்ணுக்கு
இனயத்திலிருந்து ததேயுமேரி பேசினாள்.
பின்னால் ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது, யாரோ இருமினார்கள்.
"பேப்பரு வந்திருக்கு, வாசிச்சோம்.
எனக்க தம்பி லாஞ்ச இடிச்சது ஆராக்கும்?
அத மட்டும் அதுல போடல்ல."

விசாரணை நடக்கிறது என்றேன்.
அனுமதிக்கப்பட்ட வாக்கியம், மேசைமேல் ஒட்டியிருந்தது.

"நடக்கட்டு," என்றாள். "அத நடத்துறது ஆரு?"

நான் பதில் சொல்லவில்லை.
அவளும் வைக்கவில்லை.
அன்னை மரியே வந்துகொண்டே இருந்தது
ஐம்பது தினாருக்குமேல் செலவாகும் என்று தோன்றுகிற அளவுக்கு
நீளமாக, ஒரு நிமிடம்.

மூன்றாம் நாள் படம் வந்தது.
கப்பல் தளத்தில் கம்பளி போர்த்திய நால்வர்,
கையில் பேப்பர் கோப்பை.
மனிதாபிமான உதவி, நல்ல வெளிச்சம், உடனே அனுப்புங்கள்.
குறிப்பை ஆறு பேர் படிப்பார்கள்,
படவரியை யாரும் படிப்பதில்லை.
இடமிருந்து வலம் என்று தொடங்கி
நான்கு பெயரையும் ஊரோடு எழுதினேன்.
பிறகு, கை கொஞ்சம் வேர்க்க:
படத்தில் இல்லாதவர்: பனியடிமை, 31, இனயம்.

போய்விட்டது.
நாற்பது பத்திரிகைகளுக்கு.

இடித்தவரும் படத்தில் இல்லை.
அதை நான் எழுதவில்லை.
மகனுக்குப் பள்ளிக் கட்டணம், உம் அல் ஹசத்தில் வாடகை,
வாசலில் காட்ட அந்தப் பழைய முகம்.
இதைத் துணிச்சல் என்று யாராவது சொன்னால்
சிரிப்பேன்.

எழுவாய் என்பது
எழுந்திரு என்று ஒருத்தியிடம் சொல்வதுமாகும்.
நாற்காலி வசதியாக இருக்கிறது.
கமாண்டர் கவனித்திருப்பார் என்றே நினைக்கிறேன்,
ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த நாள் காபியும் போடவில்லை.

ததேயுமேரி திரும்ப அழைக்கவில்லை.
எண் அதேதான்.