காதிலிருந்து உதடு வரை

வெள்ளி ராஜா சிப்பாய்களோடு ஊரைவிட்டுப் போய்விடுவார்.
வெண்கல ராஜா எங்கேயும் போகமாட்டார்.
அபமேயாச் சந்தையில், ஈரக் கைகளில்,
விலாங்குமீன் வாடையோடு கிடப்பார்.
அவரை அடிப்பவன் நான். மல்கியோன். சம்மட்டிக்காரன்.

கீழச்சில் அவர் தலை:
நெற்றியைச் சுற்றிய பட்டை, பிடரியில் பறக்கும் அதன் இரண்டு முனை,
உச்சியில் ஆறு கதிர், சூரியன் பங்காளி என்பதுபோல.
மேலச்சில் யானை.
நடுவே பழுக்கக் காய்ந்த வில்லை.
ஒரே அடி, அரசர் ஆகிவிடுவார்.
இரண்டாவது விழுந்தால் மூக்கு இரண்டு.

நான் அவரைப் பார்த்ததில்லை.
அச்சு வெட்டும் லிசானியாஸும் பார்த்ததில்லை;
போன ராஜாவின் மூக்கைக் கொஞ்சம் வளைத்து
இந்த ராஜாவைச் செய்தான்.

அந்தக் கோடையில் கீழச்சு விண்டது.
மயிரிழைதான். காதிலிருந்து உதடு வரை.
லிசானியாஸ் காய்ச்சலில் கிடந்தான்.
நான் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் கூலி நிற்கும்.
காசுக்குக் காசு அந்தக் கோடு
ராஜாவின் கன்னத்தில் மேடாய் எழுந்தது.

"வாள்வெட்டு" என்றாள் மீன்காரி நிகரேட்டா,
கட்டைவிரலால் தடவி.
மறுநாள் அது பார்த்தியர் வாள்.
அதற்கடுத்த நாள் அவர் குதிரையும் செத்திருந்தது.
வரி என்றாலே காறித் துப்பும் பர்சிமியாகூட
அந்தக் காசைத் தனியே முடிந்துவைத்தான்.

திராட்சை அறுப்புக்கு முன் அவரே வந்தார்,
யானைக் கொட்டிலைப் பார்வையிட.
கூட்டம் கழுத்தை நீட்டியது.
கன்னம்
உரித்த முட்டை.

யாரும் வாழ்த்தவில்லை.
பின்னாலிருந்து ஒரு குரல்: "இது வேறு ஆள்."
அந்த வருஷங்களில் அது நடக்காத காரியமும் இல்லை;
அந்தியோக்கியாவில் ஒருவர், கடற்கரையில் ஒருவர்,
எல்லோர் நெற்றியிலும் அதே பட்டை.
அசைக்க எடுத்த கை பாதியில் நின்றது.
பிறகு சேணத்தைப் பிடித்துக்கொண்டது.

பத்தாம் நாள் முத்திரையோடு உத்தரவு:
புது அச்சில் தழும்பு இருக்கட்டும்.

லிசானியாஸ் மூன்று நாள் வெட்டினான்.
அழகான தழும்பு. அளந்த வளைவு,
நுனியில் மெலிந்து, தாடைக்கு நிழல் கொடுத்து.
நான் அடித்தேன். என் கூலியும் அதிலேயே வந்தது.

நிகரேட்டா காசைத் தடவினாள்.
வெயிலில் பிடித்தாள். பல்லில் வைத்தாள்.
"கள்ளக்காசு" என்று
என் மீனைத் திரும்பக் கூடையில் போட்டாள்.