நிலைவாளை

கரையில் நின்று யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.
கானாடுகாத்தானுக்குக் கிழக்கே வருகிறவர்களுக்கு
இது ஒன்றுதான் சொல்வோம்.
ஏழுவாய்க் கண்மாயில் எங்கள் வழக்கம் வேறு:
"ஏய் தூக்குவாளி, மாட்டப் பத்திட்டு வா."
"மரவை, ஒம் புள்ள அழுவுது பாரு."
சிரிப்பீர்கள்.
சிரியுங்கள், சத்தமில்லாமல்.
அடியில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

வீட்டு நிலை உயரம்.
இரட்டைக் கதவுபோலப் பக்கவாட்டில் திறக்கும் வாய்.
உள்ளே, தச்சன் ஒருத்தன்
ஆயுசு முழுக்க உட்கார்ந்து செதுக்கியதுபோல
வரிசைக்குப் பின்னால் வரிசையாய்ப் பல்.
மீசை நான்கு, அதில் இரண்டு காது.
ஆடு மாட்டைத் தொடாது.
அயிரைக் குஞ்சுகள் அதன் முதுகில் பாசி மேயும்.
பேர் உள்ளதைத்தான் தின்னும்.

ஓர் ஐப்பசி அடைமழையில்
முற்றத்து வெள்ளம் ஊருணிக்கு ஓடும்
நிலத்தடி வாய்க்கால் வழியே எதிரேறிப்
பெரிய வீட்டு இரண்டாங்கட்டில்
முழங்கால் தண்ணீரில் வந்து கிடந்ததாம்.
கொண்டுவிக்கப் போய்ப் பதினோரு வருஷமான
புருஷன் குரலில்,
"உமையா, ஒரு செம்பு தண்ணி கொடு" என்றதாம்.
செம்போடு போனாள்.
செம்பு கிடைத்தது.
அவள் கழுத்திரு இன்னும் அதன் செவுளில்
மாட்டிக்கொண்டு மினுங்குகிறது.
பார்த்திருக்கிறேன்.

மடை திறப்பது நான்தானே.
குமிழிக் கல்லுக்கு அடியில் மூணாள் ஆழம்
மூச்சடக்கிப் போய் அடைப்பை உருவ வேண்டும்.
பேர் உள்ளவர் போனால் திரும்ப மாட்டார்.
அதனால் எங்கள் வகையறாவில்
தலைப்பிள்ளைக்குப் பேர் வைப்பதில்லை.
எனக்கு மொட்டை போட்டார்கள், காது குத்தினார்கள்,
மாமன் மடியில் உட்காரவைத்து
பேர் சொல்லும் இடம் வந்ததும்
எல்லோரும் சேர்ந்து இருமினார்கள்.

இருபத்தாறு போகத்துக்குத் தண்ணீர் விட்டாயிற்று.
கல்லைக் கடப்பதுபோல என்னைக் கடந்து போகும்.
ஒருதரம் மீசை என் முட்டியில் பட்டு
தெரியாமல் காலை மிதித்தவன்போல விலகிற்று.

போன புரட்டாசியில் கணக்கெடுக்க வந்தவன்
கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்றான்.
தலையில் நாற்றுக்கட்டு, கழுத்தில் தண்ணீர் வடிகிறது.
"ஏதாவது எழுதிக்கிருங்க" என்றேன்.
எழுதினான், அவன் ஊரில் விட்டுவந்த
யார் பேரையோ.
எனக்கு வாசிக்கத் தெரியாது.
சீட்டை அரிசிப் பானைக்குள் போட்டேன்.
அவன் போகிற வழியில்
கரைப் புளியமரத்தடியில் குந்தி
ஏட்டைச் சரிபார்த்தானாம்,
வாய்க்குள் முணுமுணுத்து.

மார்கழியில் இறங்கினேன்.
தண்ணீர் பல்லைக் கூசச்செய்தது.
அடைப்பில் கை வைத்தேன்.
முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.
ஆம்பளைக் குரல் இல்லை, பொம்பளைக் குரலும் இல்லை.
யார் குரலை எடுப்பதென்று
தேடிப் பார்த்திருக்கும் போல.
என்னை அப்படிக் கூப்பிட்டவர்தான் யாருமில்லையே.
கடைசியில் தன் சொந்தக் குரலிலேயே கூப்பிட்டது,
புதிதாய்ப் பேசுகிற பிள்ளைபோல, தட்டித் தடவி.
மூன்றெழுத்து. நடுவில் ஒரு ழகரம்.

திரும்பினேன்.
திரும்பியிருக்கக் கூடாது.
முப்பத்தெட்டு வயசில் முதல்தடவை
ஒன்று என்னைக் கூப்பிட்டது.
நெஞ்சுக்குள் மிச்சமிருந்த மூச்சையெல்லாம் விட்டு
"என்ன?" என்றேன்.
கொப்புளம் கொப்புளமாய் மேலே போயிற்று என் பதில்.

கதவு திறந்தது.
அடைப்பை உருவியதும் நான்தானாம்,
கை தானாகச் செய்திருக்கும்.
தண்ணீர் இழுத்த இழுப்பில் அது ஒரு முழம் தள்ளிற்று.
தொடையில் ஒரு கவளத்தோடு போயிற்று.

மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறது.
"கூப்பிட்டுச்சா?" என்று ஊரே வந்து கேட்டது.
இல்லை என்றேன்.
அந்த மூன்றெழுத்தை ஊருக்குக் கொடுக்க மனசில்லை.

இனி நான் இறங்க முடியாது.
மாசியில் தங்கைக்குப் பிரசவம், தலைப்பிள்ளை.
மடைக்கு ஆள் வேண்டுமே என்று
சித்தப்பன்மார் இப்போதே
தொண்டையைச் செருமிப் பார்க்கிறார்கள்.

நான் இருமப் போவதில்லை.
அப்புறம் யார் மடை திறப்பது என்றால்,
தெரியாது.
நெல் கருகலாம்.