தூக்கம்

குளச்சல் பீச் ரோட்டில், ஐஸ் கம்பெனிக்கு எதிர்க் கடையில்
பொன் உரசிப் பார்ப்பது என் வேலை.
எங்கள் பக்கம் எடைக்குத் தூக்கம் என்று பெயர்.
மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த மேனேஜர்
"மாலை என்ன தூக்கம் வரும்?" என்று ஒருத்தி கேட்டபோது
முழித்துக்கொண்டு நின்றார்.

ஜூன் பிறந்ததும் போட்டெல்லாம் கரையேறும்.
அதே வாரம் பள்ளிக்கூடம் திறக்கும்.
அதே வாரம் றெஜினாள் வருவாள்.
மஞ்சள் பைக்குள் பவுடர் டப்பா,
டப்பாவுக்குள் காசுமாலை.
பதினேழு காசு. பதினேழிலும் ஒரே ராணி.

ஒரே ராணி என்று எனக்குப் பிடிபட நாலு ஜூன் ஆனது.
மூன்று பேர் என்றே நினைத்திருந்தேன்:
ரிப்பன் கட்டிய கொண்டைக்காரி,
தலைக்குச் சேராத குட்டிக் கிரீடத்தோடு ஒரு தடித்த அம்மாள்,
முக்காடிட்ட கைம்பெண்.
லென்ஸை வைத்துப் பார்த்தால் மூக்கு ஒன்று.
கன்னம்தான்
காசுக்குக் காசு இறங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

ஒரு கோளாறும் உண்டு இதில்.
சின்னவள் இருக்கும் காசுதான் மூத்த காசு.
அதிகம் கழுத்துகளில் கிடந்து புரண்டது அதுதான்.
கண் மழுங்கி, ரிப்பன் எது முடி எது என்று தெரியாமல்
வழுக்கிக்கொண்டு போகிறது விரலுக்கு.
கிழவி பிந்தி வந்தவள்.
முக்காட்டின் மடிப்பு, நாடியின் தொங்கல்,
எல்லாம் நேற்று அடித்த மாதிரி.

வெள்ளி ரூபாயும் எப்போதாவது வரும்.
நம் தேசத்துக்கென்று அடித்ததில்
நாற்பது வருஷம் கிட்டத்தட்ட அதே முகம்.
அங்கே கிழவியாகிக்கொண்டிருந்தவள்
இங்கே ஆகவில்லை.
யார் நிறுத்தி வைத்தார்களோ.

கேடயம் போட்ட பின்பக்கத்தில் உன் பேர் இருக்கிறது என்று
பங்குச்சாமியார் வாசித்துச் சொன்னாராம் றெஜினாளிடம்.
"அப்பம் இது நான்தான், கேட்டேளா?"
சிரித்தாள்.
முன்பல் இரண்டு போயிருந்தது அந்த வருஷம்.

பாரத்தில் போட்டோ ஒட்டின காலம் போய்
இப்போது கம்ப்யூட்டரே பிடித்து வைத்துக்கொள்கிறது.
ஒருநாள் திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
வருஷத்துக்கொன்றாகப் பதினான்கு றெஜினாள்.
கடைசி மூன்றில் முந்தானை தலைக்கு ஏறியிருந்தது.
அடுப்புப் பாலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இதில எவளுக்கு வெல கூடுதல்?"
எல்லாருக்கும் ஒரே ரேட்டு என்றேன்.
"பின்ன எதுக்கு இத்தனையும் எடுத்து வச்சிருக்கிய?"

போன ஜூனில் அவள் வைக்க வரவில்லை, மீட்க வந்தாள்.
மகள் ஷைனி லெஸ்டரில் நர்ஸ்.
வட்டியை எண்ணி வைத்த கையோடு
ஏழு மூலையுள்ள வெள்ளைக் காசு ஒன்றையும் வைத்தாள்.
அரை பவுண்டாம்.
"இதையும் கோத்துத் தாரும், பதினெட்டாவட்டு."

புது ராஜா.
தாய் பார்த்த திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
இடப்பக்கம் பார்க்கிறார். அங்கே அதுதான் முறையாம்.
எழுபதைத் தாண்டி ஏறியிருக்கிறார் காசில்.
அவருக்கு ரிப்பன் காலம் கிடையாது,
தேய்வதற்கு ஓர் இளமை கிடையாது.

தராசில் வைத்தேன்.
எட்டு. புள்ளிக்குப் பிறகு இரண்டு பூஜ்யம்.
நூல் அறுந்து வந்த வருஷம்
ராணிகளை ஒவ்வொருத்தியாக நிறுத்தவன் நான்.
எட்டைத் தொட்டவள் ஒருத்தியும் இல்லை.
துளை தின்றது கொஞ்சம், கழுத்து தின்றது கொஞ்சம்,
சின்னவள் ஏழு எண்பதுக்கே மூச்சு வாங்கினாள்.

"பொன் இல்லம்மா. தூக்கம் மட்டும் ஒரு பவுன்."
"அப்பம் நீரே வச்சுக்கிடும்" என்றாள்.
டப்பாவை மூடி, பையைச் சுருட்டி,
திங்கள்சந்தை பஸ்ஸுக்கு ஓடினாள்.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும்
முதலில் அவரைத்தான் தராசில் ஏற்றுகிறேன்.
எட்டு காட்டினால்
விளக்கைப் போட்டு
முதல் ஆளைக் கூப்பிடுவேன்.