ஆரஞ்சுப் பலகைக்கு ஒரு சொல்

வண்டியை அணைக்காமலே தணிகாசலம்
கண்டெய்னர் யார்டு சீட்டை நீட்டினார்.
நாற்பது பலகை. ஆரஞ்சு. சாய்சதுரம்.
இங்கிலீஷ் அப்படியே இருக்கட்டும்,
கீழே தமிழில் ஹை எக்ஸ்ப்ளோசிவ்.
வெள்ளிக்குள் வேண்டும்.

இந்த டி.எச். ரோட்டில்
பதினோரு வருஷமாக ஸ்டிக்கர் வெட்டுகிறேன்.
மீன் லாரிக்குக் கண்திருஷ்டி,
ஷேர் ஆட்டோவுக்குப் பிள்ளைகள் பெயர்,
செத்தவர்களுக்குச் சிரித்த முகம்.
இந்தச் சொல் மட்டும் என் கணினியில் இல்லை.

ஹை ரோட்டுக்கு நெடு.
ஹை கோர்ட்டுக்கு உயர்.
என் வீட்டுக்காரருக்கு டாக்டர் சொன்ன ஹைக்கு
பிரஷர் கூட.
வெடிக்கு எது?

வெடிமருந்து என்று அடித்தேன்.
"எந்த வியாதிக்குக்கா?" என்றாள் ரெஜினா.
எலிக்கு வைப்பதும் மருந்து,
புருஷனை மடக்கச் சோற்றில் வைத்தாளாம் என்பார்களே
அதுவும் மருந்துதான்,
தீபாவளி விடியலில் நக்குவதும்
அன்றைக்கே திரியில் சீறுவதும்.

போன் போட்டேன். பின்னால் கிரேன் இரைந்தது.
"மருந்து வேணாம்மா.
மருந்து எரியும், எரிஞ்சிதான் வெடிக்கும்.
இது எரியறதுக்கு நிக்காது. சத்தத்தவிட வேகம்.
உன் காதுக்குச் சத்தம் வந்துச்சுன்னா
வேற எங்கியோ நடந்துகீதுன்னு அர்த்தம்."

அர்த்தம் என்றாரா,
எனக்குப் பொருள் கிடைத்தது. வெடிபொருள்.
சாமானுக்கும் பொருள், அர்த்தத்துக்கும் பொருள்,
ஒரே கிடங்கில்தான் அடுக்கியிருக்கிறோம்.
முன்னால் உயர் போட்டால் நல்ல சரக்கு மாதிரி இருந்தது.
அதிதீவிரம் பலகைக்குள் அடங்கவில்லை.
கடும் என்று வைத்தேன்.
கடும் வெயில், கடும் புயல் என்று
இங்கே வாய்க்குப் பழகிய கடும்.

சனிக்கிழமை மணலியில் மதில்மேல் ஒட்டினோம்.
மதிலை ஒட்டிய கொடியில்
பள்ளிக்கூட யூனிபாரம் காயப்போட்ட எல்லம்மா
எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
க, டு, ம். வெ, டி.
பொருள் வருமுன்பே என்னைப் பார்த்தாள்.
"பலகை புச்சு. சாமான் எப்பலேர்ந்து உள்ள கீது?"

தணிகாசலம் போனைத் தடவினார்.
எழுத்து மட்டுந்தான் என்னுடையது என்றேன்,
அவ்வளவு சத்தமாக இல்லை.
அவள் கொடியை அவிழ்த்து
இரண்டடி தள்ளிக் கட்டினாள்.

ராத்திரி கடையில் மீந்த வினைலைச் சுருட்டும்போது
கண்ணாடி அதிர்ந்தது.
ரெஜினா கையில் கத்தரியோடு நின்றாள்.
அப்புறம் சத்தம் வந்தது,
வெறும் டிரெய்லர், பள்ளத்தில் இறங்கிய காலி டிரெய்லர்.

சத்தம் வந்தது.
இங்கே இல்லை.